வெறுநிலம் அன்று கடற்கரை

நெய்தல் நிலத்து மக்களின் தொழிலில் ஒரு பாதியே கடலில் நிகழ்கிறது. மறுபாதி கரையில் நிகழ்கிறது. படகு ஏற்றி நிறுத்தப்படுவதும், வலை உலர்த்திச் செப்பனிடப்படுவதும், மீன் ஏலம் போவதும், விற்காத மீன் கருவாடாவதும் மணற்பரப்பின் மேல்தான். ஆயினும் கடற்கரை நகரங்களின் முகப்பைப் புதுப்பிக்கத் தீட்டப்படும் திட்டங்கள் பலவற்றில் இம்மணற்பரப்பு வெற்றிடமாகவே வரையப்படுகிறது. நடைபாதை, பூங்கா, ஊர்தி நிறுத்துமிடம், அலங்கார விளக்கு ஆகியவற்றை வேண்டியவாறு அமைத்துக்கொள்வதற்கு உரிய காலி மனையாக அது எண்ணப்படுகிறது. நகரின் திட்டமும் கடலோரம் குறித்த அரசின் கொள்கையும் முரண்படுவதற்கு இந்த எண்ணமே பெரிதும் காரணமாகிறது. பெரியபட்டினம் முதல் இராமேசுவரம் வரை நீளும் இராமநாதபுரக் கரையில் இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காணலாம்.

பழந்துறையும் இன்றைய ஊரும்

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த ஊர் பெரியபட்டினம். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு அகழாய்வு நடத்தியது. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா அவற்றை ஆராய்ந்து, இவ்வூர் பாண்டியர் காலத்தின் பெருந்துறைகளுள் ஒன்று என நிறுவினார். அரபு நாட்டுப் பயணி இபின் பதூதா 'பத்தன்' எனக் குறிப்பிட்ட துறைமுக நகரம் இதுவே என்பதும் அவர் கருத்து. சீனக் கப்பல்களோடு தொடர்புகொண்டிருந்த அந்நகரம் இன்று ஓர் ஊராட்சி. துறை மறைந்தது, நாட்டுப்படகுகளும் மீன்பிடித் தொழிலும் நிலைத்தன.

ஊராட்சியாக இருப்பதால் நகரத் திட்டங்களுக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை எனக் கருதுதல் கூடாது. இராமேசுவரத்துக்கு வரும் பயணியர் பெருகப் பெருக, சாலையும் தங்கும் விடுதியும் படகு உலாவும் தீவைத் தாண்டி மேற்கு நோக்கிப் பரவுகின்றன. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்து, வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியின் முனைவரை 2017 முதல் சாலை செல்கிறது. இன்று இராமேசுவரத்தில் எழும் கேள்விகள் நாளை பெரியபட்டினத்திலும் எழும்.

இரு கடலும் இரு பருவமும்

தனுஷ்கோடியை அடுத்த மக்கள், நிலத்தின் இருபுறமுள்ள கடல்களை ஆண்கடல், பெண்கடல் என வழங்குவர். அலை மிகுந்த மன்னார் வளைகுடா ஆண்கடல்; அமைதி மிகுந்த பாக் விரிகுடா பெண்கடல். சோழகக் காற்று வலுத்து வீசும் மாதங்களில் ஆண்கடல் சீறும். அப்போது சிறுபடகுக்காரர் பெண்கடலை நாடுவர். வாடைக்காற்று தொடங்கியதும் நிலை மாறும். படகும் வலையும் மட்டுமல்லாமல், சில வேளைகளில் குடிசையும் சமையற்கலமும்கூட ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பெயரும்.

வரைபடம் தயாரிப்போர் ஒரு கரைக்கு மே மாதத்தில் வந்தால் ஆளில்லாத மணலைக் காண்பர்; டிசம்பரில் வந்தால் அதே இடத்தில் ஓர் ஊரைக் காண்பர். செயற்கைக்கோள் படத்துக்கும் இது பொருந்தும். படம் எடுக்கப்பட்ட நாளில் ஆள் இல்லாமையால் அந்நிலத்துக்கு உரியவர் இல்லை என முடிவு செய்வது, நெல் அறுவடையான வயலைத் தரிசு எனப் பதிவு செய்வதற்கு ஒப்பாகும்.

கரைவலைத் தொழிலை இதனோடு சேர்த்துக் காணவேண்டும். வலைக்கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் செல்கிறது. வலையை அரைவட்டமாக இட்டுக்கொண்டே சென்று, தொலைவில் மற்றோரிடத்தில் கரை சேர்கிறது. பின்னர் இரு குழுவினர் இருபுறமும் கயிற்றைப் பிடித்து, மெல்ல மெல்ல ஒருவரையொருவர் நெருங்கியவாறு இழுக்கின்றனர். இத்தொழிலுக்குத் தடையற்ற நெடுங்கரை வேண்டும். அக்கரையின் நடுவில் பத்துப் படிகளும் ஒரு பார்வை மேடையும் கட்டினால் போதும். எவரையும் வெளியேற்றாமலே அவ்விடத்தில் கரைவலை நின்றுபோகும். திட்ட அறிக்கையில் 'இடம்பெயர்வோர்: எவருமில்லை' என எழுதப்பட்டிருக்கும், அது எழுத்தளவில் உண்மையாகவும் இருக்கும்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அடிப்படை. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் அதன் இடத்தைப் பெற்றன. உவா நாள்களில் கடல்நீர் ஏறி நிற்கும் உயரலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரையுள்ள பகுதி பொதுவாக இதன் ஆளுகைக்கு உட்படும். பவளப்பாறை, கடற்புல், அலையாத்திக் காடு, மணல்மேடு, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவை முதல் வகை. நகராட்சி எல்லைக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதி இரண்டாம் வகை. ஊர்ப்புறக் கரை மூன்றாம் வகை. கடற்பரப்பு நான்காம் வகை. ஒரே கரையில் நடந்து செல்பவர், மணலில் எவ்வித வேறுபாட்டையும் காணாமலே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்குள் நுழைந்துவிடுவார்.

இவ்வகைகளை நிலத்தின்மேல் குறித்துக் காட்டும் ஆவணமே கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம். அதனை மாநில அரசு தயாரிக்க, ஒன்றிய அரசு ஏற்பளிக்கிறது. மீனவர் ஊர்கள், அவர்களின் பொதுவிடங்கள், படகுத்துறை, மீன் உலர்த்தும் களம், பனிக்கட்டி நிலையம் ஆகியவை புல எண் தெரியும் அளவுக்குப் பெரிய வரைபடங்களில் காட்டப்படவேண்டும் என்றும், மீனவரின் எதிர்கால வீட்டுத் தேவைக்கு நெடுங்காலத் திட்டம் வேண்டும் என்றும் விதி கூறுகிறது. 2019 அறிவிக்கைக்கு ஏற்பத் தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்ட வரைவு 2023இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. மீனவர் ஊர்களும் பொதுவிடங்களும் அதில் விடுபட்டுள்ளன என்பதே அப்போது மீனவர் அமைப்புகள் எழுப்பிய முதன்மை மறுப்பு. அம்மறுப்பு நியாயமானது. வரைபடத்தில் இல்லாத வலையுலர்த்தும் களத்துக்கு எந்த அலுவலகத்திலும் பாதுகாப்பு இல்லை.

2019 அறிவிக்கையில் மற்றொரு நுட்பமும் உண்டு. மக்கள் நெருக்கம் சதுர கி.மீ.க்கு 2,161க்கு மேற்பட்ட ஊர்ப்புறக் கரையில் கட்டடத் தடைப்பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் முறையான கலந்தாய்வுடன் மேலாண்மைத் திட்டம் வகுக்கப்பட்டு ஏற்பளிக்கப்பட்ட பின்னரே அச்சலுகை கிட்டும். அதுவரை 200 மீட்டர் தடையே நீடிக்கும். மக்களைக் கேட்பது வெறும் மரியாதைக்கு என நினைக்கும் திட்டக்காரர்கள் இவ்விதியை மீண்டும் ஒருமுறை படிப்பது நல்லது.

சட்டம் எப்போதும் மீனவர் பக்கமே நிற்கிறது என்று கூறுவதும் பொருந்தாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. அத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அப்பகுதி விலக்கப்பட்டது. பாதுகாப்பு வேண்டியதே, பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்தன. எனினும் மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்ணைத் தடுக்கும் சட்டம், கரையில் எழும் விடுதிக்கு வழிவிடுமானால், அதன்மேல் மக்கள் நம்பிக்கை வைக்கமாட்டார்கள்.

பிற ஊர்கள் கண்டவை

முறை தவறிய அனுமதியின் விலையைக் கேரளத்தின் மரடு காட்டியது. கொச்சியை அடுத்த அவ்வூர் 2006இல் கிராம ஊராட்சியாக இருந்தபோது, மாநிலக் கடலோர ஆணையத்தின் இசைவைப் பெறாமல் நீர்க்கரையில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அனுமதி அளித்தது. 2019 மே 8 அன்று உச்சநீதிமன்றம் அவற்றை இடிக்க ஆணையிட்டது. 2020 சனவரி 11, 12 ஆகிய நாள்களில் வெடிமருந்தின் துணையால் அவை தரைமட்டமாயின. வீடு வாங்கியோருக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 இலட்சம் ரூபாய் வழங்க நேர்ந்தது. அனுமதி ஓர் ஊராட்சியின் கையொப்பம்தான் என்பதைப் பெரியபட்டினம் போன்ற ஊராட்சிகள் கருதிப் பார்க்கவேண்டும்.

புதுச்சேரியின் பாடம் வேறு. அங்குச் சட்டத்தைவிடக் கடலே கண்டிப்பாக நடந்துகொண்டது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் வடக்கு நோக்கி நகரும். 1989இல் துறைமுகத்துக்காக எழுப்பப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. வடக்கேயிருந்த நகரக் கடற்கரை அரிப்புண்டு மறைந்தது. அழகிய நடைபாதை எஞ்சியது, அதன் முன்னே கருங்கற் குவியல் நின்றது. கல்லைக் கொட்டக் கொட்ட அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டுக்குட்பட்ட மீனவக் குப்பங்களைத் தாக்கியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் நீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டு, நகரின் ஒரு பகுதிக்கு மணலை மீட்டுத் தந்தது. ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் கட்டும் சுவர் அடுத்த ஊரின் கரையைக் கரைக்கும் என்பதனால்தான் கடலோரத்துக்கு மாநில அளவிலான கொள்கை தேவைப்படுகிறது.

சென்னை நொச்சிக்குப்பத்தில் எழுந்த பூசலும் எண்ணத்தக்கது. 2023 ஏப்ரலில், போக்குவரத்துக்கு இடையூறு எனக் கூறி இணைப்புச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டன. மீனவர் சாலையை மறித்துப் போராடினர். மணலில் மீன் விற்கும் வழக்கம் முந்தியதா, சாலை முந்தியதா என்ற கேள்விக்கு ஊரார் அனைவருக்கும் விடை தெரியும்.

இராமேசுவரத்தின் தேவையும் வரிசையும்

கடல்முகப்பைப் புதுப்பித்தலே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 2011 கணக்கெடுப்பின்படி 44,856 மக்களே வாழும் இராமேசுவரத்துக்கு நாடெங்கிலுமிருந்து பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். அக்னி தீர்த்தக் கரையில் நீராடுவோருக்கு உடைமாற்றும் அறையும் கழிப்பிடமும் வேண்டும். கழிவுநீர் கடலில் கலவாதவாறு சுத்திகரிப்பும் வேண்டும். மீனவருக்கும் நல்ல இறங்குதளம், குடிநீர், பனிக்கட்டி, நிழற்கூரை ஆகியவை வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சட்டம் தடுக்கவில்லை.

தவறுவது வரிசை. முதலில் வண்ணப்படம் வரையப்படுகிறது, அடுத்து நிதி ஒதுக்கப்படுகிறது, பின்னர் ஒப்பந்தப்புள்ளி, கடைசியில் கடலோர ஆணையத்தின் இசைவு கோரப்படுகிறது. அந்நிலையில் ஆணையத்தால் வடிவமைப்பை மாற்ற இயல்வதில்லை. சில நிபந்தனைகளை மட்டுமே எழுத இயலும். இவ்வரிசை தலைகீழாக வேண்டும். உயரலைக்கோடும், தொழில் நடக்கும் கரையும், மணல் நகரும் திசையும் குறிக்கப்பட்ட வரைபடமே முதல் ஆவணமாகவேண்டும். எஞ்சிய இடத்தில் எதை அமைப்பது என்பதை அதன் பின்னரே நகர்த் திட்டம் பேசவேண்டும். 2025 சூனில் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் இத்தீவில் குறிக்கவேண்டிய எல்லைகள் மேலும் கூடியுள்ளன.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைத்து, அதில் மரபுவழிக் கடலோர மக்களின் பேராளர் குறைந்தது மூவர் இடம்பெற அறிவிக்கை முன்னரே வகைசெய்துள்ளது. வரைவு வரைபடத்தைத் தமிழில், புல எண்ணோடு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கும் கிராமசபையில் வைப்பதற்கும் தடையேதும் இல்லை. பெரியபட்டினத்தில் கரைவலை இழுப்போரும், கருவாடு உலர்த்தும் பெண்களும் நில அளவரோடு கரையில் நடந்து, எது எவ்வளவு இடம் கொள்கிறது என்று காட்டவேண்டும். ஒருமுறை நடந்தால் போதாது. சோழகத்தில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை. அதற்கு ஓராண்டு ஆகும்; ஒப்பந்தப்புள்ளி அந்த ஓராண்டு காத்திருக்கலாம்.