மசாலாவை நம்பி கறியை வெளிய வைக்காதீங்க சாமி!

"அந்தக் காலத்துல ஃபிரிட்ஜ் ஏது? மஞ்சளும் மிளகும் பூண்டும் கறியில இருக்கற கிருமியைக் கொன்னுடும். நம்ம முன்னோர்கள் முட்டாள்களில்லை..."

வாட்ஸப்பைத் திறந்தா இதேதானுங்க. முன்னோர்கள் முட்டாள்களில்லைதான். அதனாலதான் மசாலாவை மட்டும் நம்பி அவங்க உக்காரலை. அன்னிக்கு அறுத்த கறியை அன்னிக்கே கொதிக்க வச்சுத் தின்னு முடிச்சாங்க. மீந்ததை உப்புக்கண்டம் போட்டாங்க. உப்பும் மஞ்சளும் தடவி, கயித்துல கோத்து, வெயில்ல காயப் போடுவாங்க. அங்க வேலை செஞ்சது உப்பும் வெயிலும். கறியில தண்ணி வத்திட்டா பாக்டீரியாவுக்குப் பொழப்பில்லை. மஞ்சள் சும்மா கூடமாட ஒத்தாசை. பேரு மட்டும் அதுக்கு!

1998ல பில்லிங், ஷெர்மன்னு கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டு பேர் 36 நாடுகளோட 4,578 கறிச் சமையல் குறிப்புகளை அலசி, வெக்கை நாடுகள்ல மசாலா அதிகமா இருக்கறது கிருமியை அடக்கத்தான்னு எழுதினாங்க. அதைத்தான் இன்னும் பிடிச்சுத் தொங்கறாங்க. 2021ல இன்னொரு குழு 33,750 குறிப்புகளை வச்சு மறுபடி பார்த்துச்சு. அந்த விளக்கத்துக்குப் பெரிசா ஆதாரம் இல்லைன்னு முடிவு. இதை ஒருத்தரும் ஃபார்வர்ட் பண்ணக் காணோம் :-)

பூண்டுல இருக்கற அல்லிசினும் கிராம்புல இருக்கற யூஜெனாலும் கிருமியை அடக்கும், மறுக்கலை. ஆனா ஆய்வுக்கூடத்துல பெரும்பாலும் சோதிக்கறது சாறையும் எண்ணெயையும். கறிக்குள்ள போனா கொழுப்பும் புரதமும் அதோட வேகத்தைக் குறைச்சுடும். அதே பலன் வேணும்னு அள்ளிப் போட்டா வாயில வைக்க முடியாது.

கூத்து என்னன்னா, மசாலாவே கிருமியைச் சுமந்துட்டு வரும். 2009-10ல அமெரிக்காவுல 272 பேருக்கு சால்மொனெல்லா வந்துச்சு. அவங்கள்ல பலபேர் தின்னது பதப்படுத்தின சலாமி இறைச்சி. கிருமி வந்த வழி? அது மேல தூவுன மிளகு!

அவ்வளவு தூரம் எதுக்கு. 2023 செப்டம்பர்ல நம்ம பக்கத்து நாமக்கல்ல ஷவர்மா தின்ன 14 வயசுப் பொண்ணு செத்துப் போச்சு. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் காசர்கோடு செறுவத்தூர்லயும் இதே மாதிரி ஒரு பொண்ணு. ஷவர்மாவுல இல்லாத மசாலாவா?

இப்ப திருப்பூருக்கு வருவோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை கறி. மீந்த குழம்பு திங்கட்கிழமை சில மெஸ்ல ரெண்டு கரண்டி மசாலா ஏறி மறுபடி வரும். நானும் தின்னிருக்கேன். அந்த மசாலா நாத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். பெரிய குண்டாவுல குழம்பு மெதுவா ஆறும்போது, கொதியில சாகாத கிளாஸ்ட்ரிடியம் வித்துகள் முளைச்சுப் பெருகும். ஸ்டஃபிலோகாக்கஸ் விட்ட நஞ்சு திரும்பக் கொதிக்க வச்சாலும் போகாது.

தையல் மிஷின்ல ஒரு ஊசி உடைஞ்சா, துண்டு பூரா கிடைக்கற வரை தேடி, நோட்டுல ஒட்டி வைக்கற ஊருங்க இது. எங்கயோ இருக்கற குழந்தைக்குக் குத்திரக் கூடாது, நியாயம்தான். அதைத் தைக்கற டைலர் திங்கற குழம்பு எத்தனை மணி நேரமா குண்டாவுல கிடந்துச்சுன்னு எழுத ஒரு நோட்டு இருக்கா?

சின்னச் சின்னப் பாத்திரமாப் பிரிச்சு ஆற வச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல ஏத்தணும். மெஸ் நடத்தறவங்களுக்கு அது முடியாத காரியமா என்ன?