வாரம் ஒரு நாள் பள்ளி



நம் மறைமாவட்டத்துத் தாய் ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் என் முன் இருக்கிறது. அவருடைய மகள், கணவரோடும் இரு குழந்தைகளோடும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்கிறார். மருமகன் எச்-1பி விசாவில் பணிபுரிகிறார். பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு நான்கு. சென்ற ஆண்டு முதல் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பாமல் மகளே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறார். இப்போது அவ்வூரில் இவ்வாறு வீட்டுக்கல்வி நடத்தும் குடும்பங்கள் வாரம் ஒரு நாள் கூடும் 'செவ்வியல் கல்விக் குழு' ஒன்றில் சேரும்படி அழைப்பு வந்திருக்கிறது. கூடுமிடம் நம் பிரிந்த சகோதரர்களின் ஆலய மண்டபம். "சேரலாமா என்று மகள் கேட்கிறாள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் மட்டும் பள்ளி என்றால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சாமி. நீங்கள்தான் விளக்க வேண்டும்" என்று முடிக்கிறார் அந்தத் தாய்.

கடல் கடந்து வாழும் பிள்ளைகள் இல்லாத பங்கு இன்று நம் மறைமாவட்டத்தில் அரிது. ஆகவே இந்தப் பதிலை எல்லாரும் அறிய இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாயின் மனத்திலுள்ள அச்சத்தை அகற்றிவிடுவோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதது அந்நாட்டில் குற்றமன்று. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் ஏதேனும் ஒரு வகையில் வீட்டுக்கல்வியை ஏற்கின்றன. டெக்சாசில் அது தனியார் பள்ளிக்கு ஒப்பானது என்று அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் உண்மையாகவே கற்பித்தால் போதும். இவ்வுரிமைக்கு வித்திட்டவர்களுள் நம் கன்னியரும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைகள் யாவரும் அரசுப் பள்ளிக்கே செல்லவேண்டும் என்று ஓரிகன் மாநிலத்தில் 1922-ல் சட்டம் வந்தபோது, அதை எதிர்த்து வழக்காடியவர்கள் இயேசு மரியின் திருப்பெயர்களின் சகோதரிகள். 1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பிள்ளைகளின் கல்விக்கு வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று நிலைநாட்டியது.

திருச்சபையும் இதையே கூறுகிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர், முதன்மையான ஆசிரியர் என்பது 1965-ல் வெளியான கிறிஸ்தவக் கல்வி பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டின் போதனை. ஆயினும் அதே திருச்சபை, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும்படியும், அதற்கு இயலாதவர்கள் பள்ளிக்கு வெளியே அக்கல்வி கிடைக்க ஆவன செய்யும்படியும் பெற்றோரைப் பணிக்கிறது. பள்ளியை விட்டவருக்குக் கடமை குறையவில்லை, கூடியிருக்கிறது.

இனி, இந்த வாராந்தரக் குழு எத்தகையது என்று பார்ப்போம். 1947-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டாரதி சேயர்ஸ் என்னும் அம்மையார் கல்வியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்றவர். தாந்தேயை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தவர். இடைக்கால ஐரோப்பியப் பள்ளிகளில் இலக்கணம், தருக்கம், நாவன்மை என்னும் முக்கலைகளே கல்விக்கு அடிப்படையாயிருந்தன. இன்றைய பள்ளி பல பாடங்களைத் திணிக்கிறதேயன்றிக் கற்கும் கருவியைக் கையில் கொடுப்பதில்லை என்பது அவர் வாதம். முக்கலைகளையும் குழந்தையின் மூன்று பருவங்களோடு பொருத்திக் காட்டினார். சொன்னதைச் சொல்லி மகிழும் கிளிப்பருவம் முதலாவது. எதற்கும் எதிர்வாதம் பேசும் பருவம் இரண்டாவது. தன் உள்ளத்தைச் சொல்லில் வடிக்கத் துடிக்கும் பருவம் மூன்றாவது. இடைக்கால ஆசிரியர்கள் கலைகளை வயதுவாரியாக இவ்வாறு பிரிக்கவில்லை. அது அம்மையாரின் சொந்தக் கருத்து. அவருடைய உரையைப் பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கர் கையிலெடுத்து, அதன்மேல் ஓர் இயக்கத்தையே எழுப்பிவிட்டனர்.

அவ்வியக்கத்தில் நன்கு பரவிய ஓர் அமைப்பு, 1997-ல் வட கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் என்பவர் தொடங்கிய கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ். நான்கு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் ஆண்டில் இருபத்து நான்கு வாரம், வாரத்தில் ஒரு முற்பகல் கூடுகிறார்கள். வரலாறு, புவியியல், அறிவியல், கணிதம், இலத்தீன், ஆங்கில இலக்கணம், காலவரிசை ஆகியவற்றிலிருந்து சிறுசிறு பகுதிகளைப் பாட்டாகவும் தாளமாகவும் மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாண்டில் ஒரு சுற்று முடியும்; பின்னர் முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். பாடம் நடத்துபவர் பயிற்சி பெற்ற ஒரு தாயோ தந்தையோதான். பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீடு திரும்ப இயலாது, உடனிருக்க வேண்டும். பிற குழுக்களும் ஏறத்தாழ இவ்வகையினவே.

மனப்பாடம் என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. நான் அவர்கள் கட்சியன்று. நம் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியும் ஆத்திசூடியும் நிகண்டும் அப்படித்தான் வளர்ந்தன. பொருள் பின்னர் வரும் என்ற நம்பிக்கையில் சொல்லை முன்னரே சேமித்துவைத்தார்கள். ஆனால் பின்னர் வரவேண்டிய பொருள் வராமலே போவதும் உண்டு. பழைய இலத்தீன் பூசையில் 'சுஷிப்பியாத்' செபத்தை மூச்சுவிடாமல் உருட்டித் தள்ளிய பீடச் சிறுவர்களை நம் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். சேயர்ஸ் அம்மையாரே ஏழு வயது நிரம்புமுன் தம் தந்தையிடம் இலத்தீன் தொடங்கியவர். இருபதாண்டு அளவு பயின்றும் அம்மொழி தமக்கு வசப்படவில்லை என்று பின்னாளில் ஓர் உரையில் அவரே குறைபட்டிருக்கிறார். அவருடைய முதல் உரையைப் போற்றுவோர் இந்த உரையையும் படிப்பது நல்லது.

ஆண்டில் 180 நாள் பாடம் என்று வைத்துக்கொண்டால், குழு கூடுவது 24 நாள். மீதி 156 நாள் அந்தத் தாயின் சமையலறை மேசையில்தான் நடக்கவேண்டும். கணக்கு யார் சொல்லித் தருவார்? வாசிக்கக் கேட்பது யார்? எழுதியதைத் திருத்துவது யார்? குழு இவற்றைச் செய்யாது, செய்வதாகச் சொல்வதுமில்லை. மகள் சோர்ந்துபோய், சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் தேடுகிறாராயின், அங்கே அது இறங்காது. தனிமைக்கு மருந்து தேடுகிறாராயின், கிடைக்கும். அந்நிய நாட்டில் நான்கு சுவர்களுக்குள் இரு குழந்தைகளோடு நாள் முழுவதும் இருக்கும் பெண்ணுக்கு, தன்னைப் போன்ற பத்துத் தாய்மாரை வாரந்தோறும் காண்பது சிறிய உதவியன்று. பேத்திக்கும் அவ்வாறே. பலர் முன் எழுந்து நின்று பேசும் பழக்கத்தை வீட்டில் தனியே பெற இயலாது.

மற்றொன்று. இக்குழுக்களில் சேரும் தாய்மாரை விரைவிலேயே வகுப்பு நடத்த அழைப்பார்கள். அதற்கு ஊதியமும் தருவார்கள். எச்-1பி பணியாளரின் மனைவி பெரும்பாலும் எச்-4 விசாவில் இருப்பார். தனி அனுமதியின்றி அவர் ஊதியம் பெறும் பணி எதுவும் ஏற்கலாகாது. 2015 முதல் அத்தகையோருள் ஒரு பகுதியினருக்கே அவ்வனுமதி கிடைத்துவருகிறது. தன் பிள்ளைக்குத் தான் கற்பிக்கத் தடையில்லை. பிறர் பிள்ளைக்குக் கூலி பெற்றோ, கட்டணக் கழிவுக்கு ஈடாகவோ கற்பிப்பது வேறு. அன்பாக அழைக்கிறார்களே என்று சட்டென்று இசைந்துவிட வேண்டாம், வழக்கறிஞரைக் கேட்கட்டும்.

இனி விசுவாசத்துக்கு வருகிறேன். பிரிந்த சகோதரர்களை மரியாதையோடும் அன்போடும் நோக்கவேண்டும் என்று 1964-ல் சங்கம் கற்பித்தது. அவர்களுடைய மண்டபத்தில் புவியியல் படிப்பதால் எந்தக் குழந்தையும் விசுவாசத்தை இழந்துவிடாது. ஆனால் மனப்பாடம் என்பது நெஞ்சில் பதிந்து நெடுநாள் நிற்கும் காரியம். அங்கே பத்துக் கட்டளைகளைச் சொல்லித் தந்தால், 'உன் தாய் தந்தையரை மதித்து நட' என்பது பெரும்பாலும் ஐந்தாம் கட்டளையாக வரும். நமக்கு அது நான்காவது. விவிலிய நூல்களின் பட்டியல் 66-ல் முடியும், நமக்கு 73. வரலாற்றில் 1517-ஆம் ஆண்டும் லூத்தரும் இருப்பார்கள்; 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து சங்கம் இருக்கிறதா என்று மகள் புரட்டிப் பார்க்கட்டும். குழந்தை தவறான ஒன்றைக் கற்கிறாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பெண், முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகும் ஆண்டில், இரு வரிசைகளை ஒருங்கே மனத்தில் கொள்ளவேண்டியிருக்கும் என்பதுதான் தொல்லை.

இதனினும் பெரியது விசுவாச அறிக்கை. இத்தகைய குழுக்கள் பலவற்றில், கற்பிப்போரிடமோ சேர்வோரிடமோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பதுண்டு. மீட்பராகிய இயேசுவைப் பற்றி அதில் எழுதியிருப்பவற்றுள் பெரும்பகுதி நம்முடையதாகவே இருக்கும். ஒரு வரியில் மட்டும், விசுவாசத்துக்கு விவிலியம் ஒன்றே முடிவான அளவுகோல் என்றோ, விசுவாசத்தினால் மட்டுமே மீட்பு என்றோ வரலாம். சடங்குக்கான காகிதம்தானே என்று கையெழுத்திடலாகாது. ஞானஸ்நானத்தில் நம் பெயரால் சொல்லப்பட்ட விசுவாசத்துக்கு மாறானதில் நம் பெயரை எழுதுவது விளையாட்டன்று. அதை நேர்மையாக எழுதிய அந்தச் சகோதரர்களுக்கும் அது மரியாதையாகாது. தாளை முன்னரே கேட்டு வாங்கி, பங்குக் குருவோடு வாசிக்கட்டும். உடன்பட முடியாத வரி இருந்தால் வெளிப்படையாகச் சொல்லட்டும். சில இடங்களில், "நீங்கள் கத்தோலிக்கர் என்பதை அறிந்தே வரவேற்கிறோம்" என்பார்கள். சில இடங்களில் வருத்தத்தோடு மறுப்பார்கள். இரண்டும் நேர்மையான பதில்களே.

கத்தோலிக்க வழிகளும் இல்லாமலில்லை. வர்ஜீனியாவில் 1980-ல் தொடங்கிய சீட்டன் இல்லப் பள்ளி, கலிபோர்னியாவின் கோல்பே அக்காடமி, லாரா பெர்க்விஸ்ட் அம்மையார் தோற்றுவித்த 'இறையருளின் தாய்' பள்ளி ஆகியவை பாடத்திட்டங்களை வீட்டுக்கே அனுப்புகின்றன. பின்னிரண்டும் செவ்வியல் முறையைத் தழுவியவை. ரெஜினா சேலி என்னும் அமைப்பு வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளைக் கூட்டுகிறது. இவையெல்லாம் எல்லா ஊரிலும் இரா, செலவும் உண்டு. அருகே நல்ல பங்குப் பள்ளி இருந்து, கட்டணம் தாங்குமானால், அதையும் எண்ணத்திலிருந்து தள்ளிவிட வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஆண்டு சேர வேண்டாம் என்பேன். முறையில் குறை கண்டு அல்ல. பேத்திக்கு இது முதல் நன்மையின் காலம். பேரனுக்கு வயது நான்கு. அந்த வயதுப் பிள்ளையை ஒரு முற்பகல் முழுவதும் மண்டபத்தில் அடக்கி வைக்கும் தாய்க்கு மறுநாள் பாடம் நடத்த வலு இருக்குமா என்பது ஐயமே. சேராவிட்டாலும், திறந்த நாளன்று ஒருமுறை போய் உட்கார்ந்து பார்க்கட்டும். பேத்தியையும் அழைத்துச் செல்லட்டும். அவள் திரும்பும் வழியில் பேசிக்கொண்டே வருகிறாளா, வாய் மூடியிருக்கிறாளா என்பதிலிருந்து தாய்க்குப் பாதி பதில் தெரிந்துவிடும். இதற்கிடையில், தம் பங்கில் வீட்டுக்கல்வி நடத்தும் குடும்பங்கள் மூன்று நான்கு உண்டா என்று பங்குக் குருவிடம் விசாரிக்கலாம். பங்கு மண்டபத்தில் வாரம் ஒரு முற்பகல் கூட அத்தனை பேர் போதும். எவ்வாறாயினும் முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்வதைப் பற்றி அந்தக் குருவோடு இம்மாதமே பேசவேண்டும். வீட்டிலே கற்பித்தாலும், பிள்ளை ஆயத்தமாகிவிட்டாளா என்று பார்க்கும் பொறுப்பு பங்குக் குருவுக்கு உண்டு.

மனப்பாட வேளையில் தமிழுக்கும் இடம் வேண்டும். கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, உத்தம மனஸ்தாப மந்திரம், ஆத்திசூடியில் நாளுக்கு ஓரடி. இவற்றை எந்தக் குழுவும் கற்றுத்தராது, பாட்டி கற்றுத்தரலாம். டெக்சாசின் பெரும்பகுதியில் கோடையில் காலை எட்டரை மணி என்றால் நமக்கு மாலை ஏழு, குளிர்காலத்தில் எட்டு. செபமாலைக்கு முன் கால்மணி நேரம், தொலைபேசியில் முகம் பார்த்தே சொல்லித் தரலாம். மனப்பாடத்தின் பயன் என்ன என்பதும் அப்போது பாட்டிக்கு விளங்கும்.

குழுவை அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணிப் பார்க்கட்டும். மூன்றாண்டுச் சுற்று ஆகையால், எந்த ஆண்டில் நுழைந்தாலும் விட்ட பகுதி திரும்ப வரும்.