மிச்சமாகாத பொழுது

நங்கநல்லூரில் பல குடியிருப்புகளுக்கு ஆபீஸ்களின் பெயர். வோல்டாஸ் காலனி, எம்.எம்.டி.சி. காலனி, ஸ்டேட் பாங்க் காலனி, சிவில் ஏவியேஷன் காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி. முப்பத்தைந்து வருஷம் ஓர் ஆபீஸில் உட்கார்ந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மனை வாங்கி, வீடு கட்டி, ரிடையராகி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெருமுனையில் ஏதாவது ஓர் ஆபீஸின் பெயர்ப்பலகை. இதை யாரும் தண்டனையாக நினைப்பதில்லை. தபால் சரியாக வந்து சேர்கிறதே என்று திருப்திப்படுகிறார்கள்.

இந்த மனிதர்களைக் கேலி செய்வது நம் எழுத்தில் மலிந்துபோன சரக்கு. ஃபில்டர் காப்பி, பிராவிடண்ட் ஃபண்ட், ஆஞ்சநேயர் கோவில் வடைமாலை என்று மூன்றையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டால் நவீன பிரக்ஞை சித்தித்துவிட்டதாக ஓர் எண்ணம். நான் அந்தக் கேலியில் சேரவில்லை. பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரை நடந்து, சீசன் டிக்கெட்டில் பீச் வரை போய், கட்டிக்கொண்டுபோன தயிர்சாதத்தைத் தின்று திரும்பி, வந்த சம்பளத்தில் கணிசமான பங்கைத் தொடாமல் வைத்த ஒழுக்கம் சாதாரண விஷயமல்ல. எந்த இலக்கிய இயக்கமும் தன் ஆட்களிடம் இத்தனை கட்டுப்பாட்டைக் கண்டதில்லை. என் சண்டை அந்தப் பணம் எதை வாங்கியது என்பதோடுதான். செங்கல் வாங்கியது. பவுன் வாங்கியது. பிள்ளைக்கு அமெரிக்காவுக்கு டிக்கெட் வாங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைக்கூட அது வாங்கவில்லை.

வாங்க முடியாது என்பதில்லை. கணக்கு எளிது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பவன் ஒன்பது வருஷம் உழைத்தால் ஒரு வருஷம் ஆபீஸ் போகாமல் அதே மாதிரி சாப்பிடலாம். பாதியை மிச்சம் பிடிப்பவனுக்கு ஒரு வருஷ உழைப்புக்கு ஒரு வருஷம் கைவசமாகிறது. வட்டியும் விலைவாசியும் இந்தக் கணக்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் இழுக்கும், அடியோடு மாற்றாது. நங்கநல்லூர்க்காரர் பாதியை மிச்சம் பிடித்தவர். ஆகவே நாற்பத்தைந்து வயதில் அவர் தன் பொழுதுக்குத் தானே முதலாளி. அந்த விஷயத்தை அவரிடம் சொல்ல நம் கலாச்சாரத்தில் ஒரு குரல் இல்லை. சும்மா இருப்பதைச் சித்தர்கள் பெரிய சாதனையாகச் சொன்ன மொழியில், சும்மா இருக்கிறான் என்பது பெண் கொடுக்கத் தகாதவனைப் பற்றிய வாக்கியம்.

ஒரே ஒரு முறை இது பெரிய அளவில் பரிசோதிக்கப்பட்டது. 2000-01ல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. பதினைந்து வருஷ சேவையோ நாற்பது வயதோ ஆகியிருந்தால் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் வெளியே வந்தார்கள். தமிழ் எழுத்தாளர்களில் வங்கிக்காரர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். உண்மையில் அது ஒரு மறுமலர்ச்சிக்கான மூலதனம். என்ன நடந்தது? எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். மாதத் தவணைக்காக ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதப் போனார்கள். விடுதலைப் பத்திரத்தை அடமானம் வைத்து மறுபடி சிறைக்குள் இடம் பிடித்தார்கள். நியாயமாகப் பார்த்தால் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தபாலாபீஸ் மாதாந்திர வருமானத் திட்டம் 2000ல் 11 சதவீதம் கொடுத்தது. 2003 மார்ச்சில் 8 சதவீதம். லட்சம் ரூபாய்க்கு வருஷம் 11,000 என்று போட்ட கணக்கு 8,000 என்று ஆகும்போது ஒரு மனிதன் நாவல் எழுத மாட்டான். அதிக வட்டியைத் தேடிப் போனால் அதன் கதை வேறு. 1872ல் ஆரம்பித்த மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் நிர்வாக இயக்குநர், முதலீட்டாளர்களுக்குப் பணம் திரும்ப வரவில்லை என்ற புகாரில் 2024 ஆகஸ்டில் கைதானார். அந்த அலுவலக வாசலில் நின்ற கிழவர்களின் கையிலிருந்த ரசீது ஒவ்வொன்றும் செலவழிக்காமல் வைத்த பொழுது. அதைத் தங்களுக்கென்று அவர்கள் என்றுமே வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு நஷ்டத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

சரி, எழுத்தாளர்கள் விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் இரண்டு மதங்கள். ஒன்று, பட்டினி மதம். புதுமைப்பித்தன் 1948ல் காசநோயில் செத்ததை ஒரு படைப்பு முறையாகவே ஆக்கி வைத்திருக்கிறோம். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அன்று எத்தனை பிரதி காசு கொடுத்து வாங்கப்பட்டது என்று கேட்பதில்லை. மற்றது, பென்ஷன் மதம். ரிடையரான பிறகு அந்தப் பெரிய நாவல். தமிழக அரசு ஓய்வு வயதை 58லிருந்து 2020ல் 59 ஆகவும், 2021ல் 60 ஆகவும் உயர்த்தியபோது, இலக்கியத்துக்கு இரண்டு வருஷம் பறிபோயிற்று என்று ஒரு எழுத்தாளராவது முனகியதாக நான் கேட்கவில்லை.

இந்த இரண்டுக்கும் வெளியே நின்றவர் அசோகமித்திரன். பதினான்கு வருஷம் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்துவிட்டு 1966ல் வெளியேறினார். தியாகராய நகரில் குடும்பத்தோடு குறைந்த செலவில், மொழிபெயர்ப்பும் ஆங்கிலக் கட்டுரைகளும் பத்திரிகை வேலையுமாகக் காலம் தள்ளினார். அதற்கு அடுத்த பத்துப் பதினோரு வருஷங்களில் வந்தவை ‘கரைந்த நிழல்கள்’, ‘தண்ணீர்’, ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. அவர் தியாகி வேஷம் போடவில்லை, கஷ்டத்தை மறைக்கவுமில்லை. லிஸ்பனில் பெஸோவா முழுநேர உத்தியோகத்தில் சிக்காமல், கம்பெனிகளுக்கு அந்நிய பாஷைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து வாழ்ந்ததும் இதே வகை. இவர்களுக்கு வேண்டியிருந்தது சும்மா இருத்தல் அல்ல, குறைந்த வேலை. நம் ஆபீஸ்கள் குறைந்த வேலையைக் கொடுப்பதில்லை. ஆளை முழு மூட்டையாகத்தான் வாங்கும், அரைப்படி வாங்காது. ஆகவே இரண்டு வருஷம் முழுதாய் விற்று ஒரு வருஷம் தன்னை மீட்டுக்கொள்வதுதான் நமக்கு எட்டுகிற பகுதிநேர வேலை. அதற்குத்தான் சிக்கனம் என்கிறேன்.

இந்தச் சிபாரிசு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நங்கநல்லூரின் தனிவீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்கு வீடுகளாகின்றன. அவற்றின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அவரிடம் சிக்கனத்தை உபதேசிப்பவன் அயோக்கியன். அவருடைய நேரம் சேமிப்பினால் திரும்பி வராது, சட்டத்தினாலும் சங்கத்தினாலும்தான் வரும். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது 1923ல். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா இதே ஊர்ச் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் மே முதல் தேதி வாபஸ் அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் எல். அண்ட் டி. தலைவர் வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும், வீட்டில் பெண்டாட்டி முகத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் பேசியது வெளிவந்தது. அந்தக் கம்பெனியின் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் மணப்பாக்கம், நங்கநல்லூரிலிருந்து கூப்பிடு தூரம். ஊரே அவரைத் திட்டியது. ஆனால் மனிதனுக்கு வேலையை விட்டால் பார்க்க வேறு ஒன்றுமில்லை என்ற அவருடைய கருத்து, திட்டியவர்களில் பாதிப்பேரின் கருத்துதான்.

பெண்டாட்டி முகம் என்றதும்தான் இந்த விவகாரத்தின் சங்கடமான இடம் வருகிறது. தோரோ 1845ல் வால்டன் குளக்கரைக்குப் போய், வருஷத்தில் ஆறு வாரம் உழைத்தால் ஜீவனத்துக்குப் போதும் என்று கணக்குக் காட்டினார். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. கொஞ்ச தூரத்தில் அம்மா வீடு இருந்தது. நங்கநல்லூரில் சிக்கனம் என்பது எங்கே உற்பத்தியானது? பாங்கில் அல்ல. ஓட்டலுக்குப் போகாததால் மிச்சமான பணம், விடிகாலை நாலரை மணிக்கு எழுந்த ஒருத்தியின் பொழுது. கடையில் வாங்காத வடாம் அவள் மொட்டைமாடியில் வெயிலில் நின்ற பொழுது. 2019ல் சென்னை ஏரிகள் வற்றியபோது குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததும் பெரும்பாலும் அவள்தான். அவளுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் எந்த வருஷத்திலும் வந்ததில்லை. இப்போது அவளும் ஆபீஸ் போகிறாள் என்பதால் கணக்கு இரட்டித்திருக்கிறது, அவ்வளவே. கணவன் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் செலவைக் குறைக்கும் உழைப்பு முழுவதும் சமையலறைக்கு மாறுகிறது. அம்பை 1988ல் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்று ஒரு தொகுப்புக்குத் தலைப்பு வைத்தார். நம் வட்டத்தில் அதைப் படிக்காதவர்கள் இல்லை. படித்துவிட்டு மூன்றாவது காப்பி கேட்டவர்களும் குறைவில்லை.

ஆகவே மிச்சத்தை ரூபாயில் எழுதுவதை நிறுத்துவோம். வீட்டில் யாருக்கு எத்தனை மணி என்று எழுதலாம். பாத்திரம் தேய்ப்பதையும் ரேஷன் கடை வரிசையையும் ஏற்றுக்கொள்ளாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற எழுத்தாளன் ஆபீஸை விடவில்லை. தன் மேஜையை இன்னொருத்தியின் தலையில் ஏற்றியிருக்கிறான். அசோகமித்திரனைப் பற்றி இத்தனை எழுதுகிற நாம், அந்தப் பதினோரு வருஷங்களில் தியாகராய நகர் வீட்டின் அடுக்களையில் என்ன கணக்கு ஓடியது என்று விமர்சனத்தில் ஒரு பாராகூடச் செலவழித்ததாக எனக்கு ஞாபகமில்லை.