திரையில் வந்த பெயர்

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் சித்தி ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு போன் செய்தார். குரல் நடுங்கியது. சித்தப்பா இறந்து அப்போது எட்டு மாதம். அன்று மாலை சித்தியின் செல்போன் அடித்திருக்கிறது. திரையில் வந்த பெயர் ‘அவங்க’. சித்தப்பாவின் எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். எடுத்துக் காதில் வைத்தால் ஏதோ இரைச்சல், சில நொடிகளில் துண்டிப்பு. “அவங்க கூப்பிட்டாங்கப்பா” என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அந்த எண்ணை நானே அழைத்தேன். எடுத்தவர் கிருஷ்ணகிரிப் பக்கம் லாரி ஓட்டும் ஓர் இளைஞர். புது சிம் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறதாம். “ஒரு நம்பர்லேர்ந்து தினமும் சாயங்காலம் மிஸ்டு கால் வருதுங்க. யாருன்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன், டவர் கெடைக்கல” என்றார். சித்தியிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். சித்தப்பா போனதிலிருந்து தினமும் விளக்கேற்றியதும் அந்த எண்ணை ஒரு முறை அழுத்திப் பார்ப்பாராம். உபயோகத்தில் இல்லை என்ற பதிவுக்குரல் வரும், வைத்துவிடுவார். சில நாட்களாகப் பதிவுக்குரலுக்குப் பதில் மணி அடிக்கிறது. பயந்துபோய் உடனே வைத்துவிட்டிருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணின் சேவை நிறுத்தப்படும். அதன்பின் குறைந்தது 90 நாள் கழித்து, அதே எண் வேறொருவருக்குப் புது எண்ணாகப் போய்விடும். பத்து இலக்க எண்கள் அளவானவை, கோடிக்கணக்கானோர் கேட்கிறார்கள், வேறு வழியில்லை. இன்னொன்றும் தெரிய வேண்டும். நாம் பதிந்து வைத்த பெயர் திரையில் வந்தால் அது நம் செல்போனின் நினைவிலிருந்து வருவது. மறுமுனையில் இருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது.

பெயர் இப்படியென்றால் எண்ணையாவது நம்பலாமா? அதையும் முழுதாக நம்ப முடியாது. விரல்விட்டு எண்ணக்கூடிய, ஒன்றையொன்று நம்பிய தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இருந்த காலத்தில் வகுத்த ஏற்பாடு இது. அழைப்பை அனுப்புகிறவர் சொல்லும் எண்ணையே வலைப்பின்னல் காட்டும். இணையம் வழியே அழைக்கும் மென்பொருளில் அந்த இடத்தில் யாருடைய எண்ணையும் எழுதிவிட முடியும். அதனால்தான் “நீங்கதானே இப்ப கூப்பிட்டீங்க?” என்று முன்பின் தெரியாதவர் நம்மிடம் சண்டைக்கு வருகிறார். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டன. இன்னும் சில தப்பி வரத்தான் செய்யும்.

மனிதரை அதிகம் கலங்கடிப்பது எடுத்தும் பேசாத அழைப்பு. “தினமும் மூணு மணிக்கு வருது, எடுத்தா மூச்சு விடாம கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்று சொல்லும் வயதானவர்களையும், தனியாக இருக்கும் பெண்களையும் பார்த்திருக்கிறேன். யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஆளே இல்லை. கால் சென்டர்களில் எண்களை அழுத்துவது கணினி. பத்துப் பேரை அழைத்தால் சிலர்தான் எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற ஊழியர்களைவிட அதிகமான எண்களை ஒரே நேரத்தில் அழைக்கிறது. கணக்குத் தப்பி நான்கு பேருக்குப் பதில் ஆறு பேர் எடுத்துவிட்டால், இருவருக்குப் பேச ஊழியர் இல்லை. அவர்கள் கேட்பதுதான் அந்த மௌனம். எடுக்காத எண்ணை மறுநாள் அதே நேரத்தில் மறுபடி முயலவும் கணினிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். பிரிட்டனில் இந்த மௌன அழைப்புகள் பெரிய தொல்லையாகி, கைவிடப்படும் அழைப்புகள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஊழியர் கிடைக்காவிட்டால் இரண்டு நொடிக்குள் பதிவுக்குரலாவது விவரம் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வரையறை வைத்தது.

வேறு சில இயந்திரங்கள் நம் “ஹலோ”வுக்காகக் காத்திருக்கும். குரல் கேட்டால்தான் பதிவு ஓடும். எந்த எண்ணில் ஆள் எடுக்கிறார் என்று பட்டியல் தயாரிப்பதற்காகவே அழைத்து வைப்பவர்களும் உண்டு. இதில் மோசடிக்காரர்கள் இருக்கலாம். ஆனாலும் எடுத்த மாத்திரத்தில் பணம் போய்விடாது. ஒரே ஆள் தொடர்ந்து திட்டமிட்டுத் தொந்தரவு செய்வதும் நடக்கிறது. அப்படித் தோன்றினால் தேதி, நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு காவல் நிலையம் போவதே சரி. மூச்சுச் சத்தம், ஆபாசப் பேச்சு, நாம் வெளியே போய்வந்த விவரம் தெரிந்திருப்பது, இவையெல்லாம் மனிதர் இருப்பதற்கான அடையாளங்கள்.

ஒரே மணியோடு நின்றுவிடும் வெளிநாட்டு எண் வேறு வகை. ஜப்பானியர்கள் இதற்கு ‘வாங்கிரி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு மணி அடித்து வெட்டுவது என்று பொருள். ஆவலில் நாம் திருப்பி அழைத்தால் கட்டணம் ஏறும், அதில் ஒரு பங்கு அந்த எண்ணை நடத்துபவருக்குப் போகும். திருப்பி அழைக்காமல் விட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

லேண்ட்லைன் காலத்திலும் இந்தப் பயம் இருந்தது. மழை இரவுகளில் மணி ‘டிங்’கென்று ஒரு தட்டுத் தட்டி நிற்கும். எடுத்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தாமிரக் கம்பியின் இணைப்பில் ஈரம் இறங்கினால், அதில் எப்போதும் இருக்கும் 48 வோல்ட் மின்சாரம் விட்டுவிட்டு ஓடும், மணியின் நாக்கு ஆடிவிடும். இன்னும் வினோதம், பழைய சுழல்வட்டுத் தொலைபேசியில் எண்ணைச் சுற்றும்போது நடப்பதும் அதே விட்டுவிட்டு ஓடும் மின்சாரம்தான். அதனால் அமெரிக்காவில் நனைந்த கம்பிகள் தாமாகவே அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, ஆளில்லாத வீட்டுக்குப் போலீஸ் போய் நின்றதுண்டு.

பேசாத அழைப்புகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், பேசும் அழைப்பிடம் ஏமாந்துபோகிறோம். அதுதான் எனக்கு வருத்தம். உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோ காலை அணைக்கக் கூடாது, நீங்கள் ‘டிஜிட்டல் அரஸ்ட்’டில் இருக்கிறீர்கள் என்று காக்கிச் சட்டையில் ஒருவர் மிரட்டுகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட ஆயுள் சேமிப்பை அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்தப் போலீசும் சிபிஐயும் செல்போனில் கைது செய்யாது, பணத்தை ‘சரிபார்ப்புக்கு’ அனுப்பச் சொல்லாது.

இறந்தவரின் எண்ணை விட்டுவிடுவதற்கு முன்னால் வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு, வாட்ஸ்அப் என்று அது ஒட்டியிருக்கும் இடங்களிலிருந்தெல்லாம் எடுத்துவிடுங்கள். நாங்கள் செய்யவில்லை. நல்லவேளை, சித்தப்பாவின் எண் ஒரு நல்ல மனிதரிடம் போய்ச் சேர்ந்தது. மோசடியில் பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930, நாடு முழுவதற்கும் அதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் அதை இன்றே நீங்கள் பதிந்து கொடுங்கள்.