கிஷி நிலையத்தைக் காப்பாற்றியது யார்?

ஜப்பானின் வகயாமா மாநிலத்தில் உள்ள கிஷி ரயில் நிலையம் என்றாலே, சின்னத் தொப்பி அணிந்து நிலைய அதிகாரியாக உட்கார்ந்திருந்த தமா என்ற பூனைதான் நினைவுக்கு வரும். மூடவிருந்த ரயில் பாதையை ஒரு பூனை மீட்டது என்ற கதை உலகெங்கும் பரவிவிட்டது. தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை விட்டுவிட்டால், கிராமத்து ரயிலைக் காப்பாற்றும் வழி நமக்குப் பிடிபடாது.

1916இல் தொடங்கிய கிஷிகவா ரயில் பாதை, 1933இல் கிஷி வரை நீண்டது. மொத்தம் 14.3 கிலோமீட்டர். கார்கள் பெருகப் பெருகப் பயணிகள் குறைந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யென் நட்டம் என்று பாதையை நடத்திவந்த நன்காய் நிறுவனம் விலக முடிவெடுத்தது. ஊர்மக்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். மாநில அரசின் உதவியோடு பாதையின் நிலத்தை உள்ளாட்சிகள் வாங்கின. பத்து ஆண்டுகளுக்கு நட்டத்தை ஈடுகட்டவும் ஒரு வரம்புக்குள் ஒப்புக்கொண்டன. அந்த உறுதி கிடைத்த பிறகே, 2006 ஏப்ரலில் வகயாமா எலக்ட்ரிக் ரயில்வே பொறுப்பேற்றது. தமாவுக்குப் பதவி கிடைத்தது 2007 ஜனவரியில். சிக்கனத்துக்காக நிலையத்தில் ஊழியர்கள் இல்லை. பக்கத்துக் கடையில் வளர்ந்த பூனைகளுக்கோ இருப்பிடம் பறிபோகும் நிலை. கடைக்கார அம்மா நிறுவனத் தலைவரிடம் முறையிட, பூனையே நிலைய அதிகாரி ஆனது. சம்பளம், பூனைத் தீனி. பாதை பிழைத்ததால்தான் பூனைக்குப் பதவி வந்தது.

தமா இல்லாவிட்டால் இவ்வளவு கூட்டம் வந்திருக்குமா என்று கேட்கலாம். வந்திருக்காது. 2010இல் நிலையக் கட்டடத்தையே பூனை முக வடிவில் மாற்றிக் கட்டும் அளவுக்கு அதன் புகழ் வளர்ந்தது. ஆனால் சுற்றுலாக் கூட்டம் வந்தும் நட்டம் முழுதாகத் தீரவில்லை. பொதுப்பணத்தின் தேவையும் நீங்கவில்லை. சிலர் ஏறும் ரயிலுக்கு எல்லோருடைய வரிப்பணமா என்பது அடுத்த கேள்வி. ஆளே ஏறாத பாதைக்கு இந்தக் கேள்வி நியாயமானது. அங்கே பேருந்து போதும். கிஷிகவா பாதையிலோ, கைமாறுவதற்கு முந்தைய மோசமான காலத்திலும் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் பயணங்கள் நடந்தன. கார் ஓட்ட முடியாத மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த ரயில்தான் துணை. ஊர்ச் சாலை லாபம் தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ரயிலிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இன்னொரு தமாவைத் தேடுவது கொள்கை ஆகாது. நிலம் யாருடையது, நட்டத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதை அரசும் ஊரும் முதலில் முடிவு செய்யட்டும். கவர்ச்சிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.