பெயர் ஒன்று; விலை இரண்டு! எந்தக் கார்டை வாங்குவது?

"தம்பி, பெயர் ஒன்று. படம் ஒன்று. பெட்டியும் ஒன்று. விலை மட்டும் ஏன் இரண்டு?"

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இரண்டு விலைச் சீட்டுகள் இருந்தன.

அவருடைய மகன் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறான். வீட்டில் 2019-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. புதிய விளையாட்டுகள் அதில் ஓடவில்லை. "கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால் போதும், அப்பா" என்று மகன் சொல்லிவிட்டான். அப்பா கடைக்குப் போனார். குழப்பத்தோடு திரும்பி வந்தார்.

இரண்டு சீட்டிலும் இருந்த பெயர், என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. ஒன்றில் அந்தப் பெயருக்குப் பின்னால் 8 ஜி.பி. என்று இருந்தது. மற்றதில் 16 ஜி.பி. என்று இருந்தது. இரண்டும் பொடி எழுத்து.

விஷயம் எல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

கார்டு என்ன செய்கிறது?

சினிமாவில் படம் முன்பே எடுத்து வைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படி அல்ல. பையன் இடது பக்கம் திரும்பினால், இடது பக்கத்துக் காட்சியை அப்போதே வரைந்து காட்ட வேண்டும். ஒரு நொடிக்கு 60 படம் வரைந்தால் ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஒவ்வொரு படத்திலும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்ட வேண்டும். இதுவும் சாதாரணத் திரைக்குத்தான். நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள பெரிய திரைகளும் உண்டு.

இந்த வேலைக்காகவே உள்ளதுதான் கிராபிக்ஸ் கார்டு. அதில் படம் வரைகிற சிப் ஒன்று இருக்கிறது. வரையத் தேவையான சாமான்களை வைத்துக்கொள்ள மெமரி இருக்கிறது. சிப்பை ஒரு சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி, அவர் கைக்கு எட்டும் அலமாரி.

நம் நண்பர் காட்டிய இரண்டு கார்டுகளிலும் சமையல்காரர் ஒருவரே. கணக்குப் போடும் சிறு பகுதிகள் இரண்டிலும் 4,608. இரண்டும் 180 வாட் மின்சாரத்துக்கென்று அமைந்தவை. மெமரியின் வேகமும் ஒன்றே. நொடிக்கு 448 ஜி.பி.

வேறுபாடு அலமாரியின் அளவில் மட்டும். 8 ஜி.பி. கார்டில் நான்கு மெமரி சிப்கள். 16 ஜி.பி. கார்டில் எட்டு. கூடுதலான நான்கு சிப்களும் பலகையின் பின்பக்கத்தில் இருக்கும்.

2025 ஏப்ரல் 16-ல் இவை விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் கம்பெனி அறிவித்த விலை 379 டாலர், 429 டாலர். வித்தியாசம் 50 டாலர். நம் ஊர்க் கடைகளில் விலை வேறு. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: அந்த நான்கு சிப்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா, கூடாதா?

அலமாரி நிரம்பினால்?

சுவரின் தோற்றம், முகத்தின் தோல், மரத்தின் இலை எல்லாம் மெமரியில் வந்து உட்காரும். 8 ஜி.பி.க்குள் அடங்கும் வரையில் இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் இல்லை. வேகம் ஒன்றே. அந்த இடத்தில் 50 டாலர் வீண் செலவு என்றே சொல்லலாம்.

நிரம்பி வழிந்தால் கதை வேறு. மிஞ்சிய சாமான்கள் கம்ப்யூட்டரின் பொது மெமரிக்குப் போய்விடும். வேண்டும்போது அங்கிருந்து எடுத்து வர வேண்டும். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. கடுகு எடுக்கக் கடைவீதிக்கு ஆள் போகிறான் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

எவ்வளவு தூரம் அந்தக் கடைவீதி? கணக்குப் பாருங்கள். கார்டின் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜி.பி. வரும். வெளியிலிருந்து வரும் வழிக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். புத்தம் புதிய மதர்போர்டில் இந்தக் கார்டுக்கு அந்த வழியில் நொடிக்குச் சுமார் 32 ஜி.பி. கிடைக்கும். பதினான்கில் ஒரு பங்கு.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் 2019-ல் வாங்கியது. அது மூன்றாம் தலைமுறை வழி. அங்கே கிடைப்பது சுமார் 8 ஜி.பி.தான்! ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

வேடிக்கையைக் கவனியுங்கள். "நம்மிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர்; அதற்கு மலிவான கார்டு போதும்" என்றுதான் எந்தத் தகப்பனாரும் நினைப்பார். ஆனால் பழைய கம்ப்யூட்டரில்தான் 8 ஜி.பி. கார்டு அதிகம் திணறும். காசு குறைவாக உள்ள வீட்டுக்கே இந்த அடி விழுகிறது.

சராசரி என்னும் மாயம்

"நொடிக்கு இத்தனை படம்" என்று விளம்பரங்களில் ஓர் எண் போடுவார்கள். அது சராசரி. சராசரி நம்மை ஏமாற்றும்.

ஒரு நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முக்கால் நொடியில் 45 படம் சீராக வந்துவிட்டது. அடுத்த ஒரு படம் வரக் கால் நொடி ஆகிவிட்டது. மொத்தம் 46 படம். காகிதத்தில் பார்த்தால் மோசம் இல்லை. ஆனால் ஆடுகிறவனுக்கு அந்தக் கால் நொடியில் திரை உறைந்து நிற்கிறது. எதிரி சுடுவதும் அப்போதுதான்!

இன்னொரு வகையும் உண்டு. வேகம் குறையாது, படம் கெட்டுவிடும். 2023-ல் வந்த 'ஹாக்வார்ட்ஸ் லெகஸி' விளையாட்டில் மெமரி போதாத கார்டுகளில் சுவரும் தரையும் மங்கலாகக் குழம்பித் தெரிந்தன. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியும்.

2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டும் 8 ஜி.பி. கார்டுகளைத் திணற அடித்தது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' விளையாட்டில் படத்தின் தரத்தை உயர்த்தினால் 8 ஜி.பி. கார்டு படுத்துவிடும். தரத்தைக் குறைத்தால் ஓடும். அதே சிப் உள்ள 16 ஜி.பி. கார்டு அந்த உயர்ந்த தரத்திலும் ஓட்டுகிறது. சமையல்காரருக்குத் திறமை இருக்கிறது. கட்டிப் போட்டிருப்பது அலமாரி.

விளையாட்டுகள் ஏன் இப்படிப் பெருத்தன? 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-லும், அதே மாதம் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸிலும் 16 ஜி.பி. மெமரி உண்டு. எல்லா வேலைக்கும் சேர்த்துத்தான் அந்த 16. என்றாலும் பெரிய விளையாட்டுகளை முதலில் அந்த அளவுக்கே செய்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள்.

நடுவில் புகும் பொய்ப் படங்கள்

கார்டு வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே, அதுவே ஊகித்து மூன்று படம் வரை செருகும் வித்தை ஒன்றை என்விடியா விளம்பரம் செய்கிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் விலையை ஒப்பிடும்போது அந்தப் படங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பொத்தானை அழுத்தியதும் ஆட்டம் பதில் சொல்லும் வேகம் அதனால் கூடுவதில்லை. அந்த வித்தைக்கும் மெமரி வேண்டும். 8 ஜி.பி. கார்டில், இருக்கிற இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.

முன்பும் நடந்தது

பழைய கணக்கு ஒன்று. 2016 ஜூனில் என்விடியா ஜி.டி.எக்ஸ். 1070 என்ற கார்டை விட்டது. விலை 379 டாலர் முதல். மெமரி 8 ஜி.பி. ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த கார்டைப் பாருங்கள். அதே 379 டாலர். அதே 8 ஜி.பி.! புதியதன் வேகம் பல மடங்கு என்பது உண்மை. டாலரின் மதிப்பு குறைந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அலமாரி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பெயர்க் குழப்பமும் புதிதல்ல. 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060 என்று 6 ஜி.பி.யிலும் 3 ஜி.பி.யிலும் இரண்டு கார்டுகள் வந்தன. அங்கே சிப்பிலேயே வித்தியாசம். பெரியதில் 1,280 பகுதிகள். சின்னதில் 1,152. பெயர் மட்டும் ஒன்று.

2022 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற பெயரில் 16 ஜி.பி., 12 ஜி.பி. என இரண்டை அறிவித்தார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதமே சின்னதை வாபஸ் வாங்கினார்கள். இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் குழப்பம் தருகிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தச் சின்னக் கார்டு 2023 ஜனவரியில் 4070 டி.ஐ. என்ற பெயரில் கடைக்கு வந்தது. விலையிலும் 100 டாலர் குறைந்தது!

அதே 2023-ல் 4060 டி.ஐ. என்ற பெயரில் மறுபடி இரண்டு கார்டுகள். 2025-ல் இதோ, 5060 டி.ஐ. ஒப்புக்கொண்டது என்ன ஆயிற்று?

இன்னும் ஒன்று. புதிய கார்டு வரும்போது, சோதித்துப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்புவது வழக்கம். இந்த முறை 16 ஜி.பி. கார்டுகள் மட்டுமே போயின. 8 ஜி.பி. கார்டைச் சோதிக்க விரும்பியவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். அவர்களுடைய முடிவு வருவதற்குள் சரக்கு கடைக்கு வந்துவிட்டது. நல்ல பொருள் என்று நம்புகிறவர் அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி. உத்தமம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூன் 5-ல் அதுவும் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விட்டது. 8 ஜி.பி. 299 டாலர். 16 ஜி.பி. 349 டாலர். பெரும்பாலோர் சாதாரணத் திரையில்தான் ஆடுகிறார்கள், அவர்களுக்கு 8 ஜி.பி. போதும் என்று அதன் அதிகாரி ஃபிராங்க் அஸார் பதில் சொன்னார். அதில் பாதி நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்பெனிக்கு அக்கறை எங்கே?

என்விடியா 1993-ல் தொடங்கியது. டென்னிஸ் என்ற ஓட்டலில் உட்கார்ந்து மூன்று பேர் போட்ட திட்டம் அது. மூவரில் ஒருவரான ஜென்சன் ஹுவாங், சிறு வயதில் டென்னிஸ் ஓட்டலில் தட்டுக் கழுவியவர். விளையாட்டுப் பிள்ளைகளின் காசில்தான் கம்பெனி வளர்ந்தது. 2025 அக்டோபரில் அதன் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உலகில் வேறு எந்தக் கம்பெனியும் அதற்கு முன் தொட்டதில்லை.

இன்று வருமானம் எங்கிருந்து வருகிறது? 2025 ஜனவரியில் முடிந்த கணக்கு ஆண்டில் மொத்த வரவு 13,050 கோடி டாலர். அதில் 11,520 கோடி டாலர், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் கூடங்களிலிருந்து வந்தது. விளையாட்டுக் கார்டுகளின் பங்கு 1,135 கோடி டாலர். நூற்றுக்கு 9-கூட இல்லை.

அந்தக் கூடங்கள் மெமரியையும் அள்ளிக்கொண்டு போகின்றன. உலகத்து மெமரியில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். 2025 கடைசியில் மெமரி விலை கடகடவென்று ஏறியது. 'குரூஷியல்' என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு மெமரி விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே அந்த 50 டாலர் வித்தியாசம் கடையில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கூடுதல் மெமரிக்குத்தான் கூடுதல் விலை ஏறும்.

யாருக்கு எது?

பாதி நியாயம் என்று சொன்னேன் அல்லவா? அது இதுதான். 'வாலரண்ட்', 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' போன்ற ஆட்டங்களுக்கு 8 ஜி.பி. தாராளம். ஆனால் அவற்றுக்கு 5060 டி.ஐ. வேண்டியதே இல்லை. 2025 மே மாதம் வந்த சாதா 5060 போதும். அதுவும் 8 ஜி.பி.தான். அறிவித்த விலை 299 டாலர்.

ஆக, 8 ஜி.பி. 5060 டி.ஐ. நடுவில் மாட்டிக்கொண்ட சரக்கு. சின்ன ஆட்டத்துக்கு அது அதிகம். பெரிய ஆட்டத்துக்கு அது போதாது. விலை மிகவும் இறங்கினால் ஒழிய அதை நான் வாங்கமாட்டேன்.

வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் எத்தனை ஜி.பி. என்று பார்த்து வாங்குங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். கட்டி முடித்த கம்ப்யூட்டராக வாங்கினால் கார்டின் பெட்டியே கண்ணில் படாது. அப்போது விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜி.பி.யூ. என்பதை அழுத்தினால், கார்டின் சொந்த மெமரி எவ்வளவு என்று தெரியும். கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டரில் கார்டு மட்டும் மாற்றுகிறவர்கள் மின்சாரம் தரும் பவர் சப்ளை தாங்குமா என்றும் கேளுங்கள். 600 வாட் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனி.

நண்பரின் மகனைக் கூப்பிட்டு, "என்ன ஆடப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"இப்போது வாலரண்ட் அண்ணா. லீவில் இண்டியானா ஜோன்ஸ்."

"பழைய பிராசசரோடு புதிய கார்டின் முழு பலமும் கிடைக்காது. அது தெரியுமா?"

"தெரியும். அடுத்த வருஷம் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்."

அப்பா அப்படி ஒன்றும் சொன்னதாக அவர் முகத்தில் தெரியவில்லை. ஆனால் 16 ஜி.பி. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாலையில் இருவருமாகப் போய் வாங்கி வந்தார்கள். பில்லில் கடைக்காரர் முதலில் வெறும் "5060 டி.ஐ." என்றுதான் போட்டாராம். பையன் நின்று, 16 ஜி.பி. என்று எழுதி வாங்கி வந்திருக்கிறான்.