கடல் கடந்த கல்யாணமும் ஒரு கையெழுத்தும்

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். அந்தப் பயிரை எந்த மண்ணில் நடுவது என்ற வினா இவ்வாண்டு எங்கள் குடும்பத்தில் எழுந்தது. என் பெரியப்பா ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். தக்காளியும் முருங்கைக்காயும் கேரளத்துக்கு லாரி ஏறும் வரை உறங்காதவர். அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, கோவையில் கணினித் துறையில் பணிபுரிகிறாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. பேச்சு முடிந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தனர். தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவில், கடற்கரையில், நூறு பேரை மட்டும் அழைத்துத் தாலி கட்டுவதென்று.

பெரியப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு, "பழனி பக்கத்துல இருக்கையில பாங்காக் எதுக்கு?" என்று கேட்டார். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு இணங்கினார். வரலாறு படிக்கிறவன் என்ற காரணத்தால், "சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லு தம்பி" என்று என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். அந்த வேலையில் நான் கண்டதையும், அதனால் எனக்குள் எழுந்த கருத்தையும் நம் கல்லூரி நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதுவது கல்லூரி மலர்களில் வழக்கம்தான். பணம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்ற வருத்தத்தை 2023 நவம்பரில் பிரதமரே தம் வானொலி உரையில் வெளியிட்டார். அந்த வழக்கில் நான் வாதாடப் போவதில்லை. என் கவலை வேறு. கடற்கரையில் மாலை மாற்றிக்கொண்டு திரும்பும் இருவர் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவிதானா? அதற்கு என்ன சான்று?

தாய்லாந்தின் உரிமையியல் சட்டப்படி, பதிவு செய்தால்தான் திருமணம். தாலி, மேளம், மந்திரம், படகில் ஊர்வலம் எல்லாம் அவர்கள் கணக்கில் விருந்து நிகழ்ச்சியே. அந்நாட்டில் பதிவு செய்ய வேண்டுமானால், தாம் மணமாகாதவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகத்தின் வழியாக ஓர் உறுதிமொழி ஆவணம் பெற வேண்டும். அதைத் தாய் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் பெற்று, மாவட்ட அலுவலகத்தில் நேரில் நிற்க வேண்டும். நான்கு நாள் உல்லாசப் பயணத்தில் இத்தனைக்கும் நேரம் ஏது? விழா நடத்திக்கொடுக்கும் நிறுவனத்தார் பூவையும் பந்தலையும் பற்றி எட்டுப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தனர். இந்தப் பதிவைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் வழி சொல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது. மணமக்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால், அயல்நாட்டிலுள்ள நம் திருமண அலுவலர் முன்னிலையில் மணந்துகொள்ளலாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன் மணத்துத் துணை உயிரோடு இருக்கக் கூடாது. மூன்று சாட்சிகள் வேண்டும். தடுக்கப்பட்ட உறவு கூடாது என்றும் உண்டு. ஆனால் வழக்காறு இடங்கொடுத்தால் விலக்கு உண்டு என்பதால், மாமன் மகளை மணக்கும் நம் ஊர்க்காரர் அஞ்ச வேண்டியதில்லை! சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. அறிவிப்புக் கொடுக்குமுன் இருவரில் ஒருவர் அந்த அலுவலரின் எல்லைக்குள் 30 நாளாவது தங்கியிருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான பின் மறுப்புக்கென 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்நாட்டிலேயே வாழ்கிறவர்களுக்கு ஏற்ற சட்டம் இது. மண்டியை மூடிவிட்டு நான்கு நாள் போய்வருகிற குடும்பத்துக்கு எப்படிப் பொருந்தும்?

"சடங்கு செஞ்சா போதாதா? காகிதம் எதுக்கு?" என்று என் தந்தையார் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் பக்கத்தில் அருமைக்காரர் முன்னின்று சீர்கள் செய்து, மங்கல வாழ்த்துப் பாடி நடந்த திருமணங்களுக்கு எவர் சான்றிதழ் கேட்டார்? 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் வழக்காற்றுச் சடங்கை ஏற்கிறது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967இல் தமிழகச் சட்டமன்றம் தனிப் பிரிவே சேர்த்துக் கொடுத்தது. அப்படியானால் காகிதம் எதற்கு?

இந்த வினாவுக்கு விடை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. என் அப்பத்தாவின் தங்கையை நாங்கள் சின்ன அப்பத்தா என்போம். அவருக்கு 1970இல் பழனியில் கல்யாணம் நடந்தது. இரண்டாண்டில் கணவர் மலேசியாவுக்குப் பிழைக்கப் போனார். முதலில் கடிதமும் பணமும் வந்தன. பிறகு கடிதம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. 1979இல் அவர் அங்கே வேறொரு பெண்ணை மணந்துகொண்டார் என்ற செய்தியை ஊருக்கு வந்த ஒருவர் சொன்னார். சென்னை மாகாணத்தில் 1949லேயே இருதார மணத்துக்குத் தடை வந்துவிட்டது. இந்தியா முழுவதும் இந்துக்களுக்கு 1955இல் வந்தது. மலேசியாவிலோ, முஸ்லிம் அல்லாதார் அனைவரும் ஒருதார மணமே செய்ய வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பெண்களின் வாழ்வு விழுந்ததோ!

அவர் 1994இல் அங்கேயே இறந்தார். சேமநிதிப் பணம் அங்குள்ள குடும்பத்துக்குப் போயிற்று. சின்ன அப்பத்தா தாம் மனைவி என்று மெய்ப்பிக்க வழி தேடினார். பத்திரிகை தொலைந்துவிட்டது. புகைப்படம் எடுக்கவில்லை. பழனியில் சத்திரம் வாடகைக்கு எடுத்த ரசீது கூட இல்லை. சென்ற மாதம் நான் இதைப் பற்றிக் கேட்டபோது, "கண்ணு, வந்து சோறு தின்னவுக அத்தனை பேரும் சாட்சின்னு நெனச்சோம். அவுக ஒவ்வொருத்தரா செத்துப் போனாங்க" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. தென்னாப்பிரிக்காவில் 1913 மார்ச் 14ஆம் நாள் கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயமுறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டில் செல்லாது என்பது அதன் சாரம். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் முன் மனைவி என்ற தகுதியை இழந்து நின்றனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரண்டெழுந்தது அதன் பிறகே. கஸ்தூரிபா சிறை சென்றார். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்துக்கு வித்திட்டனர். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, மணமாகாத சிறுமி, சிறையில் நோயுற்று வெளிவந்து 1914 பிப்ரவரி 22இல் தன் பதினாறாம் வயதில் உயிர்நீத்தாள். அவ்வாண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்ததோடு, ஒரு மனைவி மட்டும் உள்ள இந்தியத் திருமணங்களுக்கும் ஏற்பு வழங்கியது. வள்ளியம்மையின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் நாம், அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று திருமணத்தை ஏற்கவேண்டும் என்பதே என்று எண்ணிப் பார்க்கிறோமா?

இன்று அந்த ஏற்பைப் பெற எவரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. 2006இல் உச்சநீதிமன்றம் எல்லாச் சமயத்தார் திருமணங்களையும் பதிவு செய்யக் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. மணந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை இடமுண்டு. பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற அளவு எளிய காரியம். இருந்தும் என் வகுப்பில் அண்மையில் அண்ணன், அக்காவுக்கு மணமான எண்மரைக் கேட்டேன். பதிவு செய்தவர் மூவர். அந்த மூவரும் கடவுச்சீட்டுக்காகச் செய்தவர்.

எங்கள் அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா முதல்ல இங்க பதிவு பண்ணிட்டு, தாலியை அங்க கட்டிக்கிறோம்" என்றாள். அதுவும் சரியன்று. சடங்கே நடவாமல் காகிதத்தை மட்டும் வாங்கிய இரு விமானிகளின் வழக்கில், அது இந்துத் திருமணமே ஆகாது என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆட்டமும் பாட்டும் விருந்தும் மட்டும் திருமணமாகா என்று நீதிபதிகள் அதில் சுட்டியதை நான் பெரியப்பாவிடம் படித்துக் காட்டியபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது!

ஆகவே நான் சொன்ன யோசனை இது. தாலி ஒட்டன்சத்திரத்தில், குழந்தை வேலப்பர் சந்நிதியில், உற்றார் முன்னிலையில் ஏறட்டும். அந்த வாரமே பதிவு நடக்கட்டும். பிறகு புக்கெட்டுக்கோ பூலோகத்தின் மறுகோடிக்கோ போய் மாலை மாற்றி, மணலில் நடந்து, படம் எடுத்துக்கொள்ளட்டும். நான் எதிர்க்க மாட்டேன், கூப்பிட்டால் வரவும் செய்வேன். மாப்பிள்ளை சிங்கப்பூரில் மனைவிக்கு அனுமதி கேட்கும்போது அங்கே கேட்கப்படுவது திருமணச் சான்றிதழ். கடற்கரைப் படம் அவ்விடத்தில் உதவாது. இன்னொன்றும் உண்டு. நூறு பேர் பட்டியலில் மண்டியில் மூட்டை தூக்கும் அண்ணன்மார் எவரும் இல்லை. பெரியப்பா இருபது ஆண்டுகளாக அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு மொய் எழுதியவர். அவர்களும் திருப்பி எழுத ஒரு நாள் வேண்டாமா?

மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளித்தனர். அனுமதிச் சீட்டுப் பேச்சு வந்ததும் இசைந்துவிட்டனர். ஆவணியில் நாள் குறித்தாயிற்று. பதிவுக்குச் சாட்சி யார் என்ற பேச்சு எழுந்தபோது, அக்கா யாரையும் கேட்காமல் சின்ன அப்பத்தாவின் பெயரைச் சொன்னாள். அவருக்குக் கையெழுத்து மறந்துவிட்டது. என் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் தம் பெயரை எழுதிப் பழகி வருகிறார்.